காலி நாற்காலியின் நடிப்பு

வரி அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சித்தப்பா கலா ரசிகராகிவிட்டார். மேடையில் நடந்ததை அப்படியே படம்பிடித்துத் திரையரங்கில் காட்டிய ஒரு பழைய ராஜா நாடகத்துக்கு எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். விளக்கு அணைந்ததும் தூங்கிப்போனார். விழித்தபோது திரையில் ஆளில்லாத மேடையும் ஒரு நாற்காலியும்தான் இருந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரு வசனம் இல்லாம ராஜாவோட தனிமையைக் காட்டிட்டான் பாரு,” என்றார் என்னிடம்.

காபியோடு வந்த சித்தி, “இது இடைவேளைங்க. ராஜா டீ குடிக்கப் போயிருக்காரு,” என்றாள்.

“உனக்கெல்லாம் ரசனை பத்தாது.”

அடுத்த வாரம் கலை மன்றக் கூட்டத்தில் அந்த நாற்காலியைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். அதே படத்தைப் பார்த்திருந்த உறுப்பினர்கள், தாங்களும் அந்த இடத்தில்தான் அழுததாகச் சொன்னார்கள். இப்போது மன்றத்துக்கு அவர்தான் தலைவர்.