காதக்கா கேட்ட தவளை

எங்கள் ஆபீஸில் அவளுக்குப் பெயர் காதக்கா. ஹெட்போனைக் கழற்றாமலே டீ குடிப்பாள், கழற்றாமலே எங்களைத் திட்டுவாள். மலைக்காட்டு மரங்களில் கட்டிவைத்த ஒலிப்பதிவுப் பெட்டிகளில் வருவதையெல்லாம் கேட்டு, ஒரே ஒரு மரத்தவளை கத்துகிறதா இல்லையா என்று சொல்வது அவள் வேலை. பதினோரு வருஷமாக இதுதான். கட்டைவிரல் அளவுள்ள அந்தத் தவளை தரைக்கே இறங்காது. உச்சிக்கிளைப் பொந்தில் தேங்கும் மழைத்தண்ணீரில் முட்டையிட்டு அங்கேயே குடித்தனம் நடத்தும். அவள் அதை நேரில் பார்த்ததே இல்லை. "பாத்து என்ன பண்றது, அதான் தெனம் பேசிக்கறோமே" என்பாள்.

பிறகு அது பேச்சை நிறுத்திவிட்டது. நாலு வருஷமாகச் சத்தமே இல்லை. நடுவில் அவள் வீட்டுக்காரரும் மாரடைப்பில் போய்விட்டார். அவரும் எங்கள் ஆபீஸ்தான், காட்டுக்குள் போய் ஒலி பிடித்து வருகிறவர். பதினைந்தே நாளில் அக்கா திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அழவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். இரண்டு வருஷமாக இப்படியே இருந்தாள். எனக்குப் பாவமாக இருந்ததைவிட எரிச்சலாகத்தான் இருந்தது.

இந்த மழைக்காலத்திலும் சத்தம் வராவிட்டால் தவளை அழிந்துபோனதாக எழுதிவிடுவார்கள். அந்த மலைச்சரிவில் ரோடு போடுவார்கள். ஆபீஸர் இதைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

ஒரு மத்தியானம் அக்கா கையைத் தூக்கினாள். ஏழு கத்தல், மரக்கரண்டியால் பாத்திர விளிம்பைத் தட்டுகிற மாதிரி. ஒவ்வொருவராகப் போய்க் கேட்டோம். சிரித்தே பார்த்திராத ஆபீஸர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, மேலிடத்துக்குப் போன் போட்டார். நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். பீரோவைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் முழுக்க அந்த ஏழையும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நாலாவது கத்தலுக்கு அப்புறம் சத்தத்தை முழுசாக ஏற்றினாள். யாரோ மெல்லத் தொண்டையைக் கனைத்தார்கள்.

"யாரு?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரர்."

உயிரோடு ஏதாவது ஒரு தவளை இருந்தால் போட்டிக்குக் கத்தட்டும் என்று, பழைய கத்தலை ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பது வழக்கம். போடுமுன் அந்த மரத்துப் பெட்டியை நிறுத்திவிட வேண்டும். காட்டுக்குப் போன புது ஆள் மறந்துவிட்டார். பெட்டி ஸ்பீக்கரையே பதிவு செய்துவிட்டது. அந்தப் பழைய கத்தலைப் பிடித்தவர் அக்காவின் வீட்டுக்காரர்; அவர் கனைத்ததும் அதிலேயே பதிவாகியிருந்தது. அவர் போனதிலிருந்து அந்தப் பதிவை அவள் தொட்டதே இல்லை.

யாருக்கும் தெரியப்போவதில்லை, பேசாமல் விட்டுவிடு, சரிவாவது பிழைக்கும் என்றேன். சொன்னதற்கு இன்றும் எனக்கு வெட்கமில்லை.

அக்கா ஏற்றிய சத்தத்தை இறக்கினாள். "நேத்து தவளை இருக்குன்னு நெனச்சப்பகூட எனக்கு ஒண்ணும் தோணல. இன்னைக்கு இல்லைன்னு தெரிஞ்சதும்தான் தோணுது. இத மூடி வைக்க என்னால முடியாது."

போய் ஆபீஸரிடம் சொன்னாள். அவர் மறுபடி மேலிடத்துக்குப் போன் போட்டார். இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டார்.

பதிவேட்டைத் திருத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் மழை, பூச்சி, தவளை, மனிதர் என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் கம்ப்யூட்டர் விடும். தவளை என்றிருந்ததை ஏழு இடத்திலும் எடுத்துவிட்டு மனிதர் என்று மாற்றினாள். ஹெட்போனை என்னிடம் நீட்டியவள், கொடுக்காமல் மறுபடி தன் காதிலேயே மாட்டிக்கொண்டாள்.

"நாலாவத இன்னொரு தடவ போடு" என்றாள். போட்டேன். ஆறு மணிக்கு வாட்ச்மேன் விளக்கை அணைக்க வந்தபோதும் போட்டுக்கொண்டிருந்தேன்.