டீசண்டான ஒரு வார்த்தை

'அன்ஈசி' என்ற ஆங்கில வார்த்தையைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அகராதியில் அதற்குச் சங்கடம், மனக்கலக்கம், நிம்மதியின்மை என்று என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். நான் வளர்ந்த திருவனந்தபுரத்தில் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்குவதற்கு.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் அந்த வார்த்தை புழங்காத வீடே கிடையாது. மாதத்தில் மூன்று நாள் பெண்களுக்கு அன்ஈசி. மசக்கை என்றால் அன்ஈசி. மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு மருமகள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டால் அதுவும் அன்ஈசி. ஒரு நாள் சாயங்காலம் அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கொஞ்சம் அன்ஈசியா இருக்கு" என்றார். வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் ஆட்டோ பிடித்திருப்போம். சோடா வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் அப்பா இல்லை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் தம்பானூரில் ஒரு தனியார் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கேயும் பெண்களின் லீவு லெட்டரில் அதே வார்த்தைதான். ஆண்கள் அதைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். நாங்கள் கவனிக்காத மாதிரி உட்கார்ந்திருப்போம்.

அந்த வருஷம் ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. என்னை ஒரு மாதம் பயிற்சிக்கு அனுப்பி, அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். எங்கள் சூப்பிரண்டுக்கு உடனே கல்வித் தாகம் எடுத்துவிட்டது. ஐம்பது தாண்டியவர், நெற்றியில் சந்தனக்குறி இல்லாமல் வர மாட்டார். கற்றுக்கொள்கிறேன் என்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். மவுஸைப் பிடித்திருக்கும் என் கை மேல் தன் கையை வைப்பார். இன்னொரு கை முதலில் நாற்காலி முதுகில் இருந்தது, பிறகு என் முதுகுக்கு வந்தது. நாலு மாதம் தினமும் பாடம் நடந்தது. அந்த மனிதருக்குக் கடைசிவரை கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் ஃபைல்களை அடுக்கி வைத்துப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் கை என் இடுப்பில் இறங்கியது. எழுந்துபோய் பாத்ரூமில் நின்றுகொண்டு, அந்த மவுஸைக் கழற்றி அவர் மண்டையிலேயே போட்டால் என்ன என்று யோசித்தேன். போட்டிருக்கலாம். வீட்டில் என் சம்பளம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது, அதனால் போடவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "நாலு பேர் காதுல விழுந்தா உனக்குத்தானேடி கொறச்சல்? ஒரு மாதிரி இருந்ததுன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல வேண்டாம், கேட்டியா" என்றாள்.

ஆபீசில் தபால் பார்க்கும் சேச்சியிடமும் சொன்னேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், பதினைந்து வருஷ சர்வீஸ். நான் புகார் எழுதப்போகிறேன் என்றதும் பதறிப்போனார். "மக்களே, கை வச்சாரு, இடுப்புன்னெல்லாம் எழுதப்பிடாது. அன்ஈசின்னு போடு. டீசண்டா இருக்கும், மேனேஜருக்குக் காரியமும் மனசிலாவும்" என்றார்.

நானும் அப்படியே எழுதினேன். சூப்பிரண்டின் நடத்தையால் எனக்கு அன்ஈசியாக இருக்கிறது, ஆவன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் நாலு வரி. சேச்சி அதை இன்வேர்டு ரிஜிஸ்டரில் ஏற்றினார். வரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் அதில் ஒரு வரி உண்டு, 'விஷயம்' என்று ஒரு கட்டமும் உண்டு. அந்தக் கட்டத்தில் 'அன்ஈசினெஸ்' என்று அழகாக எழுதினார்.

மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்ஈசி அல்லே? ரெண்டு திவசம் லீவு எடுத்தோளூ. ஸீட்டினடுத்து ஒரு ஃபேன் வைக்கான் பறயாம்."

ரெண்டு நாள் லீவு எடுக்க வேண்டுமாம், எனக்கு ஃபேன் வைத்துத் தருகிறாராம்! புரியாமல் சொல்லவில்லை அவர். புரியாதவராக இருந்தால் முகத்தைப் பார்த்திருப்பாரே. நான் கொடுத்த வார்த்தையையே எடுத்துக் கதவைச் சாத்திவிட்டார். கோப்பு முடிந்தது. மறுநாள் ஃபேன் வந்தது, அதன் கூடவே சூப்பிரண்டும் வந்து, காற்று போதுமா என்று கேட்டார்.

அன்றைக்கு என் கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தேன். அதில் ஒரு கையும் இல்லை, ஒரு முதுகும் இல்லை. ஏதோ ஒரு பெண்ணுக்கு ஏதோ ஒரு உபாதை, அவ்வளவுதான். மேனேஜர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் எனக்கு அதிகமாக வந்தது. நாலு மாதம் பட்டதை நானே துடைத்துச் சுத்தமாக்கி அவர் மேஜையில் வைத்திருக்கிறேன்.

மறுபடி எழுத உட்கார்ந்தேன். தமிழில் எனக்குத் திட்டத்தான் சரளமாக வரும், பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம். மலையாளத்திலேயே எழுதினேன். எந்தக் கை, எங்கே வைத்தார், எத்தனை நாள், அப்போது என்ன சொன்னார், எல்லாவற்றையும் எழுதினேன். முதுகுக்கு முதுகு என்றும் இடுப்புக்கு இடுப்பு என்றும் போட்டேன். இரண்டு பக்கம் வந்தது. நேராகச் சேச்சியிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"இதை ரிஜிஸ்டர்ல ஏத்துங்க."

ஏற்றினால் அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஹெட் ஆபீசிலிருந்து சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்த ரிஜிஸ்டரைத்தான். அதில் ஏறிய காகிதத்துக்கு என்ன பதில் போட்டீர்கள் என்று கேட்பார்கள். ஏறாவிட்டால் என் இரண்டு பக்கமும் குப்பைக்கூடைக்குப் போகும், ஒருவேளை நானும் வீட்டுக்குப் போவேன்.

சேச்சி நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். முகம் சிவந்துவிட்டது. உட்கார்ந்து எண் போட்டார், தேதி போட்டார், என் பெயரை எழுதினார். 'விஷயம்' கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நானும் நகராமல் நின்றேன். இந்தத் தடவையும் டீசண்டாக ஏதாவது எழுதினால் பேனாவைப் பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"எனக்கும் இதே ஆளுதான், மக்களே" என்றார் தலையைத் தூக்காமல். "நான் வந்த முதல் ரெண்டு வருஷம்."

பிறகு எழுதினார். சூப்பிரண்டு பெண் ஊழியரின் உடம்பில் கை வைத்தது சம்பந்தமாக. மலையாளத்தில், கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்துக்கும் நீண்டது.

அரை மணிக்குள் மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் மேஜை வரைக்கும் வந்து நான் பார்த்ததில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்து, இது ஆபீசில் எழுதுகிற பாஷையா, அடித்துவிட்டு மரியாதையாக வேறு எழுது என்று கத்தினார். ஹாலில் எல்லாத் தலைகளும் திரும்பின, சூப்பிரண்டின் தலையைத் தவிர.

சேச்சி பேனாவை மூடி மேஜை டிராயருக்குள் வைத்தார்.

"மஷி உணங்கிப் போயி, சார்" என்றார். மை காய்ந்துவிட்டதாம்.