எந்த நாடு என்று கேட்டேன்

புயலை நான் திட்டவில்லை. அதற்குக் கண்ணும் இல்லை, மனமும் இல்லை. என்னிடம் இருந்த திட்டு எல்லாவற்றையும் ஒரு மனிதருக்காகச் சேர்த்து வைத்திருந்தேன்.

அந்த மனிதர் எங்கள் ஆள்தான். ஜெர்மனியில் இருந்து லண்டனுக்கு வந்து, குரோய்டன் பக்கம் கடை போட்டு, கோவில் திருவிழா, தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று எதிலும் முன்வரிசையில் நிற்பவர். கடைக்குப் பின்னால் அவருக்கு இன்னொரு தொழில் இருந்தது. ஊரில் இருந்து பிள்ளைகளைக் காசு வாங்கிக்கொண்டு, களவாக, நாடு நாடாக மாற்றிக் கனடாவுக்கு அனுப்புவார். முதுகுக்குப் பின்னால் ஏஜென்சிக்காரன் என்போம், முகத்துக்கு நேரே அண்ணை என்போம். என் தம்பியும் அவரை நம்பித்தான் மன்னாரில் இருந்து வெளிக்கிட்டான்.

எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. வெளிக்கிட்ட பிள்ளை போய்ச் சேரும்வரை வாய் திறக்கக் கூடாது. யாராவது விசாரித்தால் கொழும்பில் வேலை என்று சொல்ல வேண்டும். கண்ணூறு படும், யாராவது காட்டிக் கொடுப்பார்கள், போகிற காரியம் கெட்டுவிடும். மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருந்தால் பரவாயில்லை, நாங்கள் எங்களுக்குள்ளேயே கேட்காமல் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி யாருடையதோ போனில் எடுத்துக் கதைப்பான். சரியான வெக்கை, கடல் தெரியுது, சோற்றுக்குக் கறுத்த அவரைக்கொட்டைதான் கறி என்பான். எந்த நாடு என்று அவனும் சொல்லமாட்டான், நானும் கேட்கமாட்டேன். கரீபியன் தீவு ஒன்றில் நிற்கிறான் என்பதுகூட ஏஜென்சிக்காரர் வாய் தவறிச் சொல்லித்தான் தெரியும்.

அந்தக் கடலில்தான் புயல் வந்தது.

லண்டனில், லூயிஷாமில் நான் வேலை செய்யும் சூப்பர்மார்க்கெட்டில் எனக்குப் பக்கத்துக் கல்லாவில் ஒரு ஜமேக்காக்காரி இருந்தாள். புயல் முதலில் அவளுடைய நாட்டில்தான் ஏறியது. அவள் தன் ஊரின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். தாயின் வீடு, சித்தியின் வீடு, படித்த பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகப் போனில் விசாரித்து விசாரித்து அழுதாள். எனக்கு அவள்மீது பொறாமையாக இருந்தது. அழுவதற்கு அவளிடம் ஒரு ஊரின் பெயராவது இருந்தது.

போனில் புயல் போகும் பாதையின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜமேக்காவில் கூரைகள் எல்லாம் போய், தென்னைகள் தலை இல்லாமல் நின்றன. ஹெய்ட்டியில் காற்றைவிட மழைதான் கொன்றது, ஆறு வீடுகளுக்குள் வந்தது. அடுத்து கியூபாவின் கிழக்குப் பக்கம். அதற்கும் பிறகு பகாமாஸ். ஒவ்வொரு நாட்டிலும் தம்பி ஒருமுறை செத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை.

ஏஜென்சிக்காரருக்கு எடுத்தேன். பல தரம் எடுத்தபின் ஒருமுறை பதில் சொன்னார்.

"தம்பி சேஃபா இருக்கிறார். பயப்பிடாதையுங்கோ."

"எந்த நாட்டிலை அண்ணை?"

"அதைச் சொல்லேலாது தங்கச்சி. உங்களுக்குச் சொன்னால் நாளைக்கு ஊருக்கே தெரியும். மற்றப் பிள்ளையளின்ரை வாழ்க்கையும் இருக்கெல்லோ."

"அவனோடை கதைச்சனீங்களோ?"

"லைன் இல்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கதைக்காமலே சேஃப் என்று சொல்கிறான் பாவி. பொலிசுக்குப் போகலாம் என்றார் கணவர். எந்த நாட்டில் தம்பியைக் காணவில்லை என்று பொலிசுக்குச் சொல்வது?

அடுத்த சனிக்கிழமை ஏஜென்சிக்காரருடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. எங்களுக்கும் கார்ட் வந்திருந்தது. கணவர் வரமாட்டேன் என்றார். நான் இருந்ததிலேயே நல்ல சேலையை உடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

பெரிய மண்டபம். எங்கள் கொண்டாட்டங்களில் சாப்பாட்டைவிட முக்கியமானது மேடைப் படம். குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்று, மேடையில் ஏறி, பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று வீடியோவுக்குச் சிரித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மேடையில் ஏறியவரை இறங்கு என்று யாரும் சொல்வதில்லை. அது மரியாதை இல்லை. இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் நான் வரிசையில் நின்றேன்.

என் முறை வந்தது. பிள்ளையின் கன்னத்தைத் தடவிவிட்டு, தகப்பனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கமரா லைட் முகத்தில் அடித்தது. சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"எந்த நாடு அண்ணை?"

அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். "பிறகு கதைப்பம். ஆக்கள் நிக்கினம்."

"நிக்கட்டும். எந்த நாடு?"

படம் எடுத்து முடிந்தது. நான் இறங்கவில்லை. வரிசை நீண்டது. அவருடைய மனைவி என் கையைப் பிடித்தாள், உதறிவிட்டேன். அறிவிப்பாளர் பக்கத்தில் மைக்கோடு நின்றார். அதை வாங்கினேன். பாட்டுப் பாடப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, மறுக்காமல் தந்துவிட்டார்.

"என்ரை தம்பியை இவர் எந்த நாட்டிலை விட்டிருக்கிறார் எண்டு கேக்கிறன். அங்கை புயல் அடிச்சிட்டுது. சொன்னால் இறங்கிறன்."

மண்டபம் முழுக்க மேடையைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் வியர்த்து, பூசியிருந்த சந்தனம் கரைந்து மூக்கில் இறங்கியது. எனக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொன்னால் என்னைக் கெட்டவள் என்பீர்கள். இனிப்பாகத்தான் இருந்தது.

"கியூபா" என்றார்.

"கியூபாவிலை எந்த ஊர்?"

ஊரின் பெயரையும் சொன்னார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினேன். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று பிறகு பலர் என்னைக் கேட்டார்கள். என் தம்பி என்ன பாவம் செய்தான் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

எங்கள் மாதா கோவில் பங்குச் சாமியார் ஸ்பானிய மொழி தெரிந்த இன்னொரு சாமியாரைப் பிடித்து, அந்த ஊர்க் கோவிலுக்கு எழுதுவித்தார். அங்குள்ள சாமியார் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தவர்களுக்குள் தேடி, தம்பியைக் கண்டுபிடித்துத் தன் போனைக் கொடுத்தார்.

"அக்கா, புயல் வருகுது எண்டோடனை எங்களைக் காவல் பாத்த ஏஜென்சியின்ரை ஆள் வெளியாலை கதவைப் பூட்டிப்போட்டு ஓடிட்டான். நாங்கள் ஆறு பேர் உள்ளுக்கை. தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. காத்துக் கூரையைப் பிடுங்கினபிறகுதான் சுவரேறி வெளியிலை வந்தம்."

மனிதன் பூட்டியதைப் புயல் திறந்து விட்டிருக்கிறது. நான் அழுதுகொண்டே ஏஜென்சிக்காரரை என்ன செய்கிறேன் பார் என்று கத்தினேன்.

"ஐயோ அக்கா, அவரைப் பகைக்காதையுங்கோ. அவர் நினைச்சால்தான் நான் இஞ்சையிருந்து வெளிக்கிடலாம். போய் மன்னிப்புக் கேளுங்கோ. எனக்காக."

போனேன். தன் வீட்டு ஹோலில், மனைவிக்கும் மைத்துனருக்கும் முன்னால் என்னை நிற்க வைத்துக் கேட்கச் சொன்னார். கேட்டேன். "தெரியாமல் செய்திட்டன் அண்ணை" என்றேன். அவர் சாய்ந்திருந்து கால் ஆட்டினார்.

"சரி. ஆனால் தம்பி போய்ச் சேருமட்டும் இதைப்பற்றி ஒருத்தரிட்டையும் வாய் திறக்கப்படாது."

"ஓம் அண்ணை, திறக்கமாட்டன்" என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். கோவில் வாசலில், கடையில், செத்தவீட்டில் எங்கே கண்டாலும் சுகமா அண்ணை என்று கேட்டேன். பூட்டிய கதவைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விடவில்லை.

போன மாதம் தம்பி கனடாவில் இறங்கிவிட்டான். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த மனிதருடைய பெயரை நான் போடவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பெயர் தெரியும்.