இரண்டு பேர் ஓட்டிய கார்

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்குச் செய்தி வந்தபோது ஆர்டிஸ் க்ரூகர் தன் பியூக் காரின் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தான் உட்காரும் இடது பக்கத்தை ஏனோதானோவென்று முடித்துவிட்டு, வலது பக்கத்தை மூலைமுடுக்கு விடாமல் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வலது பக்கம் அவருடைய சிநேகிதி லவெர்ன் உட்காரும் பக்கம்.

போன் எனக்குத்தான் வந்தது. நான் பக்கத்து வீடு. வெளியே நிற்கும்போது ஆர்டிஸ் போனை எடுக்கமாட்டார் என்பது லவெர்னின் தங்கை மகள் கானிக்குத் தெரியும். ராத்திரி டிவி பார்த்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே லவெர்ன் போய்விட்டாராம். நான் கோட்டை மாட்டிக்கொண்டு, முழங்கால் பனியில் நடந்து போய்ச் சொன்னேன். ஆர்டிஸ் கையை நிறுத்தவில்லை. கண்ணாடியின் கடைசி மூலை வரை சுரண்டி முடித்தார். பிறகு முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, கோழி பார்ப்பதுபோல் கடைக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

"அப்ப பேங்க்குக்கு என்கூட யாரு வர்றது?" என்றார்.

இந்தக் கடைக்கண் பார்வை எங்கள் ஊர் மானிடோவாக்கில் பிரசித்தம். யாரையும் அவர் நேராகப் பார்ப்பதில்லை. தேவாலயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த அம்மாளுக்குத் தலைக்கனம் என்று நினைப்பார்கள். மதுக்கடை வாசலில் நிற்கும் கிழவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். ஆர்டிஸுக்கு எழுபத்தொன்பது வயது. கணவர் எல்மர் இறந்து வெகுகாலம் ஆகிறது. அலுமினியப் பாத்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் அடுப்பில் இருக்கும் வாணலியை விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுத்தான் உட்காருவார். ஓட்டலில் மேசைமேல் இருக்கும் சர்க்கரைப் பொட்டலங்கள் அவர் கைப்பைக்குள் போய்விடும். கேட்டால், "அனாதையாக் கிடக்குதுங்க, பாவம்" என்பார். கோடையில் ஒரு ஸ்வெட்டர், குளிரில் இரண்டு. மகன் ராட்னி அரிசோனாவிலிருந்து போன் செய்து, வயதான காலத்தில் வீட்டில் ஓய்வாக இருக்கக்கூடாதா என்று கேட்டால் ஒரே பதில்தான்: "வீட்டுலயே கெடக்க நான் என்ன சோபாவா?"

வாரம் முழுக்க அவருக்கும் லவெர்னுக்கும் வேலை இருந்தது. பேங்க்கும் மருந்துக்கடையும் திங்கட்கிழமை. வயதானவர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்பதால் மளிகை செவ்வாயில். புதன் என்றால் கிரீன் பே வரை நெடுஞ்சாலையில் போய் மொத்த விலைக் கடையில் சாமான் வாங்குவது. தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வியாழக்கிழமை சீட்டாடப் போவார்கள். லவெர்ன் ஏமாற்றுவார், ஆர்டிஸ் கண்டுகொள்ளமாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே மீன் வறுவல் சாப்பிடப் போகும் நேரத்தில் இவர்கள் எல்லாருக்கும் முன்னால் போய் ஜன்னலோர மேசையைப் பிடித்துவிடுவார்கள். அதற்கிடையில் யாருக்கோ மாத்திரை, யாருக்கோ கேக், யார் வீட்டுப் பூனைக்கோ தீனி. ஊரில் பாதிப் பேருடைய சில்லறை வேலைகள் அந்தக் காரில்தான் போய்வந்தன.

கோடையில் ஜன்னலை இறக்கிவிட்டுப் போகும்போது அவர்கள் பேச்சு தெருவெல்லாம் கேட்கும்.

"சிவப்புடி ஆர்டிஸ், சிவப்பு!"

"தெரியுதுடி."

"என்னத்தைத் தெரியுது? ம்... பச்சை. போ. அட போடி, பின்னால வர்றவனுக்குத் தாடி வளர்ந்துடுச்சு."

"நீ வேணா இறங்கித் தள்ளேன்."

லவெர்னுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் நார்பர்ட் இருந்தவரை அவர் ஓட்டினார், பிறகு ஆர்டிஸ். ஓட்டத் தெரியாத லவெர்ன் வாயாலேயே கார் ஓட்டுகிறாள் என்று ஊரில் சொல்லிச் சிரிப்போம். நானும்தான் சிரித்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை பேங்க்குக்கு நான் போனேன். துக்கத்தில் தனியாகப் போகவேண்டாம் என்றுதான் ஏறினேன். அலுவலகத்துக்கு அந்த வாரம் லீவு சொல்லிவிட்டேன். லவெர்ன் குள்ளம் என்பதால் அவர் இருக்கை முன்னால் தள்ளியிருந்தது. என் முழங்கால் முட்டியது. பின்னால் தள்ளக் கையை வைத்தபோது, "அதை அப்படியே விடு" என்றார் ஆர்டிஸ். சிக்னலே இல்லாத சின்னத் தெருக்களாகப் பார்த்துப் போனார். ஒவ்வொரு முனையிலும் நின்று, "உன் பக்கம் யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை யாரும் கேட்பதுதானே.

மறுநாள் கானி கேட்டுக்கொண்டபடி லவெர்னின் நீல உடையைச் சலவைக் கடையிலிருந்து எடுத்து அடக்கம் செய்கிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைக்காரப் பெண் வருத்தம் சொன்னபோது ஆர்டிஸ், "இந்தப் பட்டன் தளர்ந்திருக்கு. அவ பார்த்தா கத்துவா" என்று ஊசிநூல் கேட்டார். கோர்க்க நூலை என்னிடம் நீட்டினார். கோர்த்துக் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்தே பட்டனைத் தைத்து முடித்தார்.

புதன்கிழமை. வெள்ளியன்று அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் சாப்பாடு என்று ஏற்பாடு. அதற்குப் பன்னும் பன்றி இறைச்சியும் வாங்கித் தருவதாக ஆர்டிஸ் ஏற்றுக்கொண்டிருந்தார். நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "என் கார், நான் ஓட்டுறேன்" என்றார். நெடுஞ்சாலையில் நேராகத்தான் போனார். ஓரத்தில் குவிந்திருந்த பனிமேட்டையே கோடாக வைத்துக்கொண்டு ஓட்டினார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. கிரீன் பேயில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் பெரிய சிக்னல். சிவப்பு விழுந்திருந்தது. கார் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. தலை குனிந்தபடி ஒருவர் சாமான் வண்டியை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார்.

"ஆர்டிஸ்!"

பிரேக்கை அழுத்தினார். கார் வழுக்கிக்கொண்டே போய் அந்த மனிதரின் வண்டியை முட்டாத குறையாக நின்றது. அவர் இஞ்சின் மூடிமேல் ஓங்கி ஒரு அறை விட்டு, எதையோ கத்திவிட்டுப் போனார்.

"சிவப்புன்னு சொல்ல மாட்டியா?" என்றார் ஆர்டிஸ். "அவ சொல்லுவாளே."

கடையின் கார் நிறுத்துமிடத்தில் இஞ்சினை அணைத்தபிறகு மீதியைச் சொன்னார். கண்ணின் நடுவே ஒரு புகைமூட்டம். ஓரங்கள் தெரியும், நேராகப் பார்ப்பது மட்டும் கரைந்துபோய்விடும். நார்பர்ட் இறந்த வருடம் தொடங்கியது.

"லவெர்னுக்கு ஓட்டத் தெரியாது. எனக்குப் பார்வை தெரியாது. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு நல்ல டிரைவர்" என்றார். "இத்தனை வருஷத்துல யார் மேலயாவது ஒரு கீறல் விழுந்திருக்கா? அந்தத் தபால் பெட்டியைத் தவிர."

"எந்தத் தபால் பெட்டி?"

"உன்னோடதுதான்."

"அது பனி தள்ற வண்டி இடிச்சதுன்னு சொன்னீங்களே!"

"லவெர்ன்தான் அப்படிச் சொல்லுன்னா. புதுசு வாங்கிக் குடுத்தோம்ல? பழசைவிட நல்லாத்தானே இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் கோணியது. இரண்டு நாளாக வராத அழுகை அப்போது வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமலே அழுதார்.

"ராட்னிகிட்ட சொல்லிடாத, கண்ணு" என்றார் பிறகு. "மார்ச்சுல லைசென்ஸ் புதுப்பிக்கணும். கண்ணைப் பார்ப்பாங்க. அதுவரைக்குமாவது விடு. சொன்னா அடுத்த வாரமே வந்து என்னைத் தூக்கிட்டுப் போயிடுவான். அவன் வீட்டுக்குப் பின்னால எனக்குன்னு ஒரு ரூம் கட்டி வச்சிருக்கான். ஜன்னலைத் திறந்தா கல்லு. ஒரு மரம் கிடையாது. அங்க நான் யாருக்குடி மாத்திரை வாங்கிட்டுப் போவேன்?"

"சனிக்கிழமை சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஒரே நாள்ல ஒரு வாரத்தை எப்படி அடைப்ப?"

ராட்னியிடம் பேசமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. திரும்பிப் போகும்போது நான்தான் ஓட்டுவேன் என்று மட்டும் சொன்னேன். கேட்காததுபோல் இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் கடையில் எதையும் ஒருவருக்கு ஏற்ற அளவில் விற்கமாட்டார்கள். பெரிய குடும்பத்துக்கான கட்டுகள்தான். தனியாக வாழும் இரண்டு பெண்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். டிக்கியில் இரண்டு குளிர்பெட்டிகள், ஆர்டிஸுடையது நீல மூடி, லவெர்னுடையது சிவப்பு மூடி. வாங்கிய கையோடு அங்கேயே, எந்தக் குளிரிலும், எல்லாவற்றையும் பிரித்துப் பாதி பாதியாகப் போட்டுக்கொள்வார்கள். லவெர்ன் கையில் சமையலறைக் கத்தரிக்கோல் இருக்கும். நெடுநாளாக வாடிக்கையாக வருகிற சிலர் அவர்களைச் சுற்றி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்களே தவிர, நகரச் சொல்லமாட்டார்கள்.

அன்றும் ஆர்டிஸ் டிக்கியைத் திறந்தார். அடக்கத்துக்கான இறைச்சியையும் பன்களையும் பின் இருக்கையில் வைத்தாயிற்று. மீதி, வழக்கமான வாரச் சாமான். எப்போதும் வாங்குகிற அளவே வாங்கியிருக்கிறார் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். கோழித்துண்டுக் கட்டைப் பிரித்து ஒன்று நீலத்தில் போட்டார், ஒன்று சிவப்பில். பாலாடைக்கட்டியும் அப்படியே. கை தானாகப் போனது. கடைசியில் ஒரே உறைக்குள் இரண்டாக வரும் கம்பு ரொட்டியை எடுத்தார். உறையை வெட்டக் கத்தரிக்கோலுக்காகப் பக்கத்தில் கையை நீட்டினார். யாரும் எதையும் அந்தக் கையில் வைக்கவில்லை. நீட்டிய கை சிறிது நேரம் அப்படியே நின்றது.

ரொட்டியைப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்து டிக்கியை மூடினார். காரைச் சுற்றிவந்து, லவெர்னின் கதவைத் தானே திறந்து உட்கார்ந்துகொண்டு சாவியை என்னிடம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் அடக்கம். ஆர்டிஸ் கீழ்த்தளத்தில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் பன் எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் களைத்திருப்பார் என்று வீட்டுக்குத் திருப்பப் போனேன். "வெள்ளிக்கிழமைடி" என்றார். ஜன்னலோர மேசையை யாரும் பிடிக்கவில்லை. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள்கூட அதை விட்டுவிட்டு வேறு மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறுகிற பெண் கேட்காமலே, செர்ரி போட்ட பிராந்தி இரண்டு கோப்பை கொண்டுவந்து வைத்தாள். ஆர்டிஸ் தன் கோப்பையிலிருந்த செர்ரிப் பழத்தை எடுத்து எதிரில் இருந்த கோப்பையில் போட்டார். எனக்குச் செர்ரி பிடிக்காது. சாப்பிட்டேன்.

மீன் வந்து ஆறிக்கொண்டிருந்தது.

"அந்த வண்டிக்காரன்... தலையில தொப்பி போட்டிருந்தானா?"

"ம். பச்சைக் குல்லா."

"வயசானவனா?"

"இல்ல. முப்பது இருக்கும்."

"நான் அவனைப் பார்க்கவே இல்லடி" என்றார். "சத்தத்தைத்தான் கேட்டேன்."

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் கொடுத்தார். "ராட்னிக்குப் போடு."

போட்டுக் கொடுத்தேன். சுற்றிலும் ஒரே சத்தம். அவர் காதைப் பொத்திக்கொண்டு உரக்கப் பேசினார். "நல்லா நடந்துச்சுப்பா. சாப்பாடு மிஞ்சிப்போச்சு... இல்ல, அதுக்கில்ல. நீ கேட்டுக்கிட்டே இருப்பியே... ஆமா. மார்ச்சுக்கு முன்னாலயே வா. காரை இங்கேயே வித்துடலாம்... கண்ணுதான், வேற என்ன? அங்க வந்து சொல்றேன்." போனை மூடி, மேசைமேல் கிடந்த சர்க்கரைப் பொட்டலங்களைக் கூட்டி அள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

நான்தான் ஓட்டினேன். லவெர்னின் இருக்கையில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார். பின்னால் தள்ளச் சொல்லவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் சிக்னலில் கார் நின்றது. எதிரே என்ன விளக்கு எரிகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. கார் நின்றதை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கவேண்டும்.

"சிவப்புடி ஆர்டிஸ்" என்றார், மெதுவாக. "சிவப்பு."

வீடு வந்ததும் டிக்கியைத் திறந்து, புதன்கிழமையிலிருந்து குளிரில் அங்கேயே இருந்த நீல மூடிப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். சிவப்பு மூடிப் பெட்டி இருக்கட்டும் என்றார். அதன் பக்கத்தில், ஒரே உறைக்குள் இரண்டு கம்பு ரொட்டி, கல்லாக உறைந்து, இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.