வாய்க்குள் நின்ற ஓட்டு

சத்திரத்துக் கூடத்தில் போட்டிருந்த அந்த நீளப் பெஞ்சுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு முனையில் எங்கள் அத்தான், மறு முனையில் சுங்கச்சாவடிக் குத்தகைக்காரர். நடுவில் தாராளமாக இடம் இருந்தும் யாரும் உட்காரவில்லை. எதிரே மேசை போட்டுத் தாசில்தார். அவருக்குப் பின்னால் சன்னலில் தாமிரபரணியும் கரையோரத்து மருத மரங்களும் தெரிந்தன. அத்தான் கல்யாணத்துக்குக் கிளம்பினவர் மாதிரி சரிகைத் தலைப்பாகை கட்டியிருந்தார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. கலங்க என்ன இருந்தது? ஓட்டெல்லாம் அவருக்குத்தான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அவர் தோற்றார். எப்படித் தோற்றார் என்பதைக் கண்ணால் பார்த்தேன். ஏன் தோற்றார் என்பதுதான் இத்தனை காலம் கழித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அத்தான் என் அக்காவின் புருஷர். எங்கள் ஊர்க் கடைவீதியில் வெண்கலப் பாத்திரக் கடை வைத்திருந்தார். நான் அதில் வேலை பார்த்தேன். ஊரில் எந்தப் பெண்ணுக்குச் சீர் வைத்தாலும் குத்துவிளக்கும் குடமும் எங்கள் கடையிலிருந்துதான் போகும். அதோடு விடமாட்டார்கள், தாலி எடுத்துக் கொடுக்கவும் அவரையே கூப்பிடுவார்கள். அவர் கையால் தாலி வாங்கிக் கட்டாத ஆண்பிள்ளை ஊரில் குறைவு. ஆகவே அவர் எல்லோருக்கும் அண்ணாச்சி. வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெற்ற தகப்பன் பெயரை எப்படிச் சொல்லமாட்டார்களோ, அப்படி அவர் பெயரையும் யாரும் சொல்வதில்லை. அவருடைய பெயரையே வைத்திருந்த பக்கத்துத் தெருப் பையனைக்கூட அவர் காதில் விழும்படி யாரும் கூப்பிடமாட்டார்கள், கைதட்டித்தான் கூப்பிடுவார்கள்.

இப்படிப்பட்டவர் முனிசிபல் தேர்தலில் நின்றது ஆசைக்காக இல்லை. ஊர் தர்மாஸ்பத்திரியில் பாளையங்கோட்டை மிஷனில் படித்த மருத்துவச்சி ஒருத்தி இருந்தாள். நர்சம்மா என்போம். அக்காவுக்கு முதல் பிரசவத்தில் பிள்ளை குறுக்கே விழுந்து இறந்துபோய்விட்டது. அக்காவை மீட்டுக் கொடுத்தவள் அந்த அம்மாள். இப்போது முனிசிபாலிட்டியில் பணம் இல்லை, மருத்துவச்சி வேலையை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. பணம் ஏன் இல்லை என்பது ஊருக்குத் தெரியும். திசையன்விளையிலிருந்து கருப்பட்டி ஏற்றி வருகிற வண்டியெல்லாம் எங்கள் சாவடியில்தான் சுங்கம் கட்டும். அந்தச் சாவடி அடிமாட்டு விலைக்குக் குத்தகை போயிருந்தது. குத்தகை சட்டப்படி குத்தகைக்காரருடைய மைத்துனர் பேரில். உட்கார்ந்து வசூல் பண்ணுகிறவர் இவர். இவர்தான் அத்தானுக்கு எதிராக நின்றார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். இவிய அளக்காமலே போட்டுட்டாவ" என்று அத்தான் சொன்னார். குத்தகையைச் சரியான விலைக்கு விடுவது, வீட்டுவரியைக் கொஞ்சம் கூட்டுவது, நர்சம்மாவை நிறுத்திக்கொள்வது: அவர் கேட்டது இவ்வளவுதான்.

வீடு வீடாகப் போனோம். அந்தக் காலத்தில் வரி கட்டுகிற ஆண்களுக்கு மட்டுந்தான் ஓட்டு. அத்தான் வெற்றிலைத் தட்டோடு போய் நிற்பார். வரியைக் கூட்டப்போகிறேன் என்பதையும் மறைக்கமாட்டார். "ஒங்க சொல்லுக்கு மறுசொல்லு உண்டுமா அண்ணாச்சி?" என்று ஒவ்வொருவரும் தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்கள். வண்டிக்காரர் ஒருவர் பாதி வழி எங்களோடு நடந்தே வந்தார். "என் கல்யாணம் ஒங்க கையால, என் மவன் கல்யாணம் ஒங்க கையால. ஓட்டு மட்டும் வேற கைக்குப் போவுமா?" என்றார். குத்தகைக்காரரும் சும்மா இல்லை. சாவடியில் நின்றபடியே, "பிள்ளை பெறுததுக்கு வரியாம்வே! நம்ம ஆத்தாமாரெல்லாம் ஆஸ்பத்திரியிலயா பெத்தாவ?" என்று கேட்டுச் சிரிக்க வைப்பார். சிரித்த வண்டிக்காரர்களே நாலு அடி தள்ளி வந்ததும் அவர் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். மாட்டை அதட்டுவதற்குக்கூட அவர் பெயர்தான். ஊரில் அதிகமாகப் புழங்கிய பெயர் அது.

தேர்தல் நாளன்று தாசில்தார் மேசைக்கு முன்னால் வந்து ஆளாளுக்கு ஓட்டைச் சொல்ல வேண்டும். சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது, வாய்தான். தாசில்தார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர். முதலில் வந்த ஜவுளிக்கடைக்காரர் அத்தானைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "அண்ணாச்சிக்கு" என்றார்.

"பெயரைச் சொல்லும்."

"அதான் எசமான், அங்கன இருக்காவள்லா."

"கை காட்டினால் எழுத முடியாது. பெயர்."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அத்தான் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும் அப்படியே. நம்முடைய வண்டிக்காரர் வந்தார். "எங்க கொலசாமி பேருதான் எசமான்" என்றார். "சாமி தேர்தலுக்கு நிற்கவில்லை" என்றார் தாசில்தார். வண்டிக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. மீசை துடித்தது, உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை. இடையிடையே குத்தகைக்காரருக்கு ஓட்டுச் சொல்ல வந்தவர்கள் கணீரென்று அவர் பெயரைச் சொன்னார்கள். சொல்லிச் சொல்லிப் பழகிய பெயர்; நாக்கில் தானாக உருண்டு வந்தது.

அத்தானுக்குப் பொறுக்கவில்லை. சட்டென்று எழுந்தார். "நானே சொல்லுதேன், என் பேரைச் சொல்லுங்கவே! கோவிச்சுக்கிட மாட்டேன்" என்றார். அவர் எழுந்த வேகத்தில் பெஞ்சு அந்தப் பக்கம் சாய்ந்து குத்தகைக்காரர் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். கூடமே கொல்லென்று சிரித்தது. மனிதர் சளைக்கவில்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டே, "பாத்தியளாவே! அண்ணாச்சி எந்திரிச்சா நான் கீழ விழுந்திருவேன்னு இந்தப் பெஞ்சுக்குக்கூடத் தெரியுது" என்றார். அத்தானே சிரித்துவிட்டார். தாசில்தார் சிரிக்கவில்லை. "ஓட்டுக் கேட்பதெல்லாம் வாசலோடு முடிந்தது. உட்காரும்" என்றார். அத்தான் உட்கார்ந்தார். வரிசையில் நின்றவர்களோ, அண்ணாச்சியே எழுந்து நின்று கேட்டபிறகு இன்னும் கூசிப்போனார்கள். சில பேர் மேசைவரைகூட வரவில்லை. வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுக்கு ஊரே வந்தது. தோற்றவர் வீடு என்று பார்த்தவன் சொல்லமாட்டான். "நான் ஒங்களுக்குத்தான் சொன்னேன் அண்ணாச்சி, அந்தத் தஞ்சாவூரான் எழுதமாட்டேன்னுட்டான்" என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். சொல்லும்போது கண்ணில் தண்ணீர். அது பொய்த் தண்ணீர் இல்லை, சத்தியமாக இல்லை. ஆனால் போகும்போது வாசலில் ஒருவர் இன்னொருவரிடம், "என்னமோ, வரி கூடலை" என்று பையச் சொன்னதும் என் காதில் விழுந்தது. அதைச் சொன்னவரும் அழுதவர்தான். அன்றைக்குக் குழம்பிய குழப்பம் எனக்கு இன்னும் தெளியவில்லை. மரியாதை அவர்கள் நாக்கைக் கட்டியதா, அல்லது கட்டுவதற்கு ஒரு கயிறு வேண்டியிருந்தபோது மரியாதை கைக்கு அகப்பட்டதா? அத்தானிடம் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணாவே இருந்திருக்கும்லே. பாலையும் தண்ணியையும் கலந்தவனே பிரிக்க முடியாது" என்றார். சமாதானத்துக்குச் சொன்னாரா, நிஜமாகவே நினைத்தாரா, அதுவும் தெரியாது.

நர்சம்மா பங்குனிக்குள் போய்விட்டாள். தகரப் பெட்டியோடு பாளையங்கோட்டை வண்டியில் ஏறியபோது அக்கா தெருமுனைவரை கூடவே நடந்தாள். ஆடியில் அந்த வண்டிக்காரரின் மருமகளுக்கு வலி எடுத்து, இரண்டு நாள் கிடந்து, தாயும் பிள்ளையுமாகப் போனார்கள். அவர் நேரே எங்கள் கடைக்குத்தான் ஓடிவந்தார். "அண்ணாச்சீ" என்று தூணைக் கட்டிக்கொண்டு அலறினார். அத்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். காடுவரை கூடவே போய் வந்தார். ஓட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. வாயில் வந்து நின்ற ஒரு பெயரை அன்றைக்கு வெளியே விட்டிருக்கக் கூடாதா? ஆனால் அந்த மனிதர் வேர்த்து நின்றதையும் நான்தானே பார்த்தேன்?

இப்போது எல்லோருக்கும் ஓட்டு வந்துவிட்டது. வாயால் சொல்ல வேண்டியதில்லை; சீட்டை மறைவில் போட்டுவிட்டு வரலாம். அத்தான் இதையெல்லாம் பார்க்க இல்லை. போன தேர்தலில் கண் மங்கிய அக்காவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் மேசைக்குப் பின்னால் இளவட்டப் பையன் ஒருவன் பட்டியலைப் புரட்டியபடி, "புருஷர் பேர் என்னம்மா?" என்று கேட்டான். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை, செத்தபிறகும் சொல்வதில்லை. ரேஷன் கார்டுக்கும் சரி, கோயில் அர்ச்சனைக்கும் சரி, கூடப் போகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் வாயெடுப்பதற்குள் அக்கா நிமிர்ந்து நின்று அத்தான் பெயரைச் சொன்னாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, இனிஷியலோடு சேர்த்து, உரக்கச் சொன்னாள். அந்தப் பையன் ஒரு கோடு போட்டுவிட்டு, "சரி, போங்கம்மா" என்றான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "யக்கா, எப்படி வாய் வந்துது ஒனக்கு?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்குப் பொம்பளைக்கு ஓட்டு இல்லியேலே. இருந்திருந்தா, மொத ஆளாப் போய் அன்னைக்கே சொல்லியிருப்பேன்."