பதினேழாம் பாத்தியின் களை

அந்தப் புல்வெளி ஆராய்ச்சி நிலையத்தில் சதுரக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இரும்புச் சதுரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினான்கு வருஷமாக அலைகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சதுரத்தைப் புல்லின்மேல் போடுவாள், மண்டியிடுவாள், உள்ளே இருக்கும் செடிகளை ஒன்று விடாமல் எண்ணி நோட்டில் எழுதுவாள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் வந்தது வினை. முதலிலிருந்து எண்ணுவாள், திட்டிக்கொண்டே.

சரிவான நிலத்தில் மொத்தம் முப்பது பாத்திகள். சிலவற்றுக்கு உரம் உண்டு, சிலவற்றுக்குப் பச்சைத் தண்ணீரோடு சரி. சிலவற்றின்மேல் மழையில் பாதியைத் தடுக்கிற பிளாஸ்டிக் கூரை. மண்ணுக்குச் சொந்தமான மெல்லிய புல்லும், எங்கிருந்தோ வந்து பரவிய அகல இலைப் புல்லும் இதிலெல்லாம் என்ன பாடு படுகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. கேட்டால் சதுரக்கா சுருக்கமாகச் சொல்லிவிடுவாள்: “நம்ம புல்லு அரை வயித்தோட வெயிலைத் தாங்கி நிக்கும். வந்த புல்லு இருக்கே, அதுக்கு உரத்தைக் காட்டிட்டா போச்சு. தலைகால் தெரியாம வளந்து பக்கத்துல இருக்கறதை நெரிச்சிடும்.”

உரத்தைக் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுவதும் அவள்தான். அதனால்தான் வம்பு வந்தது. பதினேழாம் பாத்திக்கு உரமே கிடையாது. ஆனாலும் அதில், பம்பு கொட்டகைச் சுவரை ஒட்டிய மூலையில், அகல இலைப் புல் கருகருவென்று கிளம்பி நின்றது. எண்ணினால் நூற்றுப் பன்னிரண்டு!

நிலையத்தின் தலைமை ஆராய்ச்சியாளர் அவளைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, பதினெட்டுக்குப் போட வேண்டிய உரத்தைப் பதினேழுல போட்டுட்டீங்களா?”

“சத்தியமா இல்ல சார்.”

“பின்ன, தானா வந்துச்சா? திங்கக்கிழமை நம்ம ஆராய்ச்சியைச் சரிபார்க்கக் குழு வருது. யார் தப்புன்னு அவங்களுக்கு எழுதிக் கொடுத்தாகணும். அதுக்கப்புறம் உங்களை வேலையில வச்சுக்கறது கஷ்டம்மா.”

வீட்டுக்கு வந்து பையை விட்டெறிந்தாள். அவள் கணவர் தையற்காரர். மெஷினை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, “போனா போகட்டும் விடு. எனக்குப் பட்டன் தைக்க ஆள் இல்ல,” என்றார்.

“வேலை போனா போகுதுங்க. பதினாலு வருஷமா அளந்து போட்ட கை இது. அதைப் போய்த் தப்புக் கைன்னு எழுதப் போறாராமே!” என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. அவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

மறுநாள் ஏழரை மணிக்கே போய்க் கருவிகள் வைக்கும் அறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். சந்தேகம் உர மூட்டை கொண்டுவரும் டிரைவர்மேல். கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு ஒருவர் சீட்டியடித்துக்கொண்டு வந்தார், சுவரோரம் பதினேழாம் பாத்தியைப் பார்த்து நின்றார். டிரைவர் இல்லை. சாட்சாத் தலைமை ஆராய்ச்சியாளரேதான்!

சதுரக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷம் பற்றிக்கொண்டு வந்தது. அட மனுஷா, மூட்டையைப் பிரித்து யூரியா கொட்டினால் என்ன, இப்படிக் கொட்டினால் என்ன? புல்லுக்கு எல்லாம் ஒன்றுதானே!

ஆனால் ஒருநாள் பார்த்ததை வைத்து எதையும் சொல்கிறவள் இல்லை அவள். பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினாள். போன வருஷம் அந்த மூலையில் நாற்பது. அப்புறம் அவர் பயிற்சிக்காக வெளிநாடு போயிருந்த ஆறு மாதத்தில் இறங்கி இறங்கி ஒன்பது. அவர் திரும்பி வந்ததும் மறுபடி ஏறுமுகம். தேதியோடு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை குழுவினர் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் குழுத் தலைவி. ஆராய்ச்சியாளர் அறிக்கையை வாசிக்கத் தொடங்கினார். “களப்பணியாளரின் கவனக்குறைவு” என்ற இடம் வந்ததும் சதுரக்கா எழுந்துபோய்த் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

“சார், இதைப் பாத்துட்டு மேல படிங்க.”

பார்த்தார். தேதிகளில் விரலை ஓட்டினார். “நான் ஊர்ல இல்லாதப்பதான் குறைஞ்சிருக்கு... ஏன்?”

போட்டு உடைத்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவ்வளவு துணிச்சல் வரவில்லை. “அந்தச் சுவரோரம் தினம் காலைல எட்டு மணிக்கு நைட்ரஜன் விழுது சார்,” என்று மட்டும் சொன்னாள்.

“யார் போடறாங்க?” என்றார் தலைவி.

ஆராய்ச்சியாளரின் காது சிவந்தது. நினைத்திருந்தால் அங்கேயே மழுப்பியிருக்கலாம். எழுந்து நின்றார்.

“நான்தாங்க.”

“உரம் போடக் கூடாத பாத்தியில நீங்க எதுக்குப் போட்டீங்க?”

“உரம் இல்லீங்க... கழிப்பறை ரொம்ப தூரம்.”

தலைவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அறையே சிரித்தது. ஆராய்ச்சியாளர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். பிறகு சதுரக்காவின் பக்கம் திரும்பினார்.

“மன்னிச்சிடுங்கம்மா. விசாரிக்காம உங்க மேல பழி போட்டுட்டேன்.”

அவள் அதோடு விடவில்லை.

“மன்னிப்பு இருக்கட்டும் சார். கால் மணி நேர நடை. நாங்க அஞ்சு பொம்பளைங்க இத்தனை வருஷமா அவ்வளவு தூரம் நடந்துதான் போயிட்டு வர்றோம். தண்ணி குடிக்கறதைக்கூடக் குறைச்சுக்கிட்டோம். எங்களால ஒரு பாத்தியும் கெடல.”

சிரிப்பு நின்றது. தலைவி ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தார்.

“புதுக் கழிப்பறையை எங்க கட்டணும்னு நீங்களே சொல்லுங்கம்மா.”

“சரிவுக்குக் கீழ்ப்பக்கம்ங்க,” என்றாள் சதுரக்கா, யோசிக்காமலே. “மேல கட்டிடாதீங்க. அப்புறம் முப்பது பாத்தியும் பதினேழு மாதிரி ஆயிடும்.”