பூரி தின்றுவிட்டு ஸ்கேனுக்குப் போனவர்

மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியில் பூதக்கண்ணாடியை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, இருளப்பசாமி நூல் எண்ணுகிறார். ஓர் அங்குலத்துக்கு நெடுக்கே பாவு பத்தொன்பது, குறுக்கே ஊடை பதினைந்து. எண்ணி முடித்ததும் துணியைத் திருப்பிப் போட்டு மறுபடி எண்ணுவார். இரண்டு தடவையும் கணக்கு ஒன்றாக வந்தால் அவருக்குச் சந்தேகம் கூடிவிடும். வேறோர் இடத்தில் மூன்றாம் முறை வைத்துப் பார்ப்பார். இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் காயத்தில் வைக்கும் காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் செக்கர். இருபத்தேழு வருடச் சர்வீஸ், வயது ஐம்பத்தெட்டு.

வன்னியம்பட்டியிலிருந்து தினமும் ஆறு ஐம்பது பஸ்ஸைப் பிடிக்கிறார். கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டில் தேதியைப் பார்த்த பிறகுதான் உட்காருவார். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் நகர மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால் தட்டின் மேலே இருப்பதைத் தொட விடுவதில்லை. "மேல இருக்கது வெளியூர்க்காரவுகளுக்கு. அடியில இருந்து தோண்டு," என்பார்.

கம்பெனியில் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் பத்துத் துண்டுகளோடு, நூல் குறைந்த ஒரு துண்டைத் தெரிந்தே செருகிவிடுவார். அதற்குக் கள்ளத் துண்டு என்று பெயர் வைத்திருக்கிறார். கூடத்தில் அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினால் மற்றப் பத்தின் முடிவையும் ஏற்றுக்கொள்வார். கண்டுபிடிக்கவில்லையென்றால் பதினொன்றின் முடிவும் பொய். இருபத்தேழு வருடத்தில் நான்கு முறை அப்படி ஆளைப் பிடித்திருக்கிறார்.

ஆனி இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டிச் சாப்பிட்ட இரண்டாவது மணி நேரத்தில் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி எடுத்தது. முதுகுக்கு ஓடி வலது தோள்பட்டையில் போய் நின்றது. மூன்று மணி நேரம் உருட்டிவிட்டுத் தானாகவே விட்டது. அடுத்த வாரமும் வந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று சொல்லி, ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்தி, வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஆடி மூன்றாம் தேதி சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பஸ் ஸ்டாண்ட் எதிரே பூரியைத் தின்றுவிட்டு, ஒன்பது பத்துக்கு இருளப்பசாமி ஸ்கேன் மேசையில் படுத்தார். "பச்சத்தண்ணி பல்லுல படல தாயி," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். தன்னையே கள்ளத் துண்டாக அனுப்பியிருந்தார். மிஷின் உண்மையானதாக இருந்தால் பூரியைப் பிடித்துவிடும் என்பது அவர் கணக்கு.

பித்தப்பை சுருங்கியிருக்கிறது, கல் எதுவும் தெரியவில்லை, வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கவும் என்று ரிப்போர்ட் வந்தது. பூரியைப் பற்றி ஒரு வரி இல்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி சண்முகத்தாயிடம் தாளை நீட்டினார். "பாத்தியாட்டி? தின்ன பூரியே தெரியாதவனுக்குக் கல்லு தெரியுமாக்கும்? மறுக்கா வரச் சொல்லுதான் பாரு, அதுலதான் இருக்கு அவன் யாவாரம்."

கம்பெனியில் துணி மடிக்கும் மிஷினை ஓட்டும் சமுத்திரம் வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னான். "எங்க சின்ன மாமனுக்கு எட்டே நாள்ல கல்லு ஒண்ணுக்குல வந்துட்டு அண்ணாச்சி. டணங்குன்னு சத்தம் கேட்டுச்சாம்."

"கேட்டது யாருலே? நீ கூடப் போயிருந்தியோ?"

கிண்டல் செய்தாரே தவிர, மறுநாள் முதல் இருபத்தைந்து நாள் குடித்தார். இடையில் இரண்டு தடவை வலி வந்தது. கல் நகருவதாகச் சொல்லிக்கொண்டார்.

ஆவணி இரண்டாம் தேதி திங்கட்கிழமை மத்தியானம் வந்த வலி விடவே இல்லை. சாயங்காலம் குளிர் எடுத்துக் காய்ச்சல் கண்டது. செவ்வாய்க்கிழமை காலை சண்முகத்தாய் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அறுவை டாக்டர் கார்த்திகாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கே வலி என்று அவர் கேட்டதற்கு இருளப்பசாமி பதில் சொல்லவில்லை. இடத்தை டாக்டரே கண்டுபிடிக்கட்டும், தான் எடுத்துக் கொடுப்பதில் அவருக்கு உடன்பாடு கிடையாது.

டாக்டர் விரல்களை வலது விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தி, மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னார். பாதி மூச்சில் இருளப்பசாமிக்கு அடைத்துக்கொண்டது. வாய் திறந்தபடியே நின்றது. இடது பக்கம் அதேபோல் அழுத்தியபோது மூச்சு முழுதாகப் போனது. மிஷின் எதுவும் இல்லாமல் இந்த அம்மாள் எப்படிப் பிடித்தாள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"முன்னாடி ஸ்கேன் எடுத்தீங்களா?"

"ஆடி மூணு, சனிக்கெழம. காலை ஒம்பது பத்து."

"வெறும் வயித்துலயா?"

இருளப்பசாமி சுவரைப் பார்த்தார்.

"ஆறு பூரிம்மா," என்றாள் சண்முகத்தாய்.

"அஞ்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. "சாப்பிட்டதும் பித்தப்பை தன்னைப் பிழிஞ்சு பித்தத்தைக் குடலுக்கு அனுப்பிரும். சுருங்கிப்போன பைக்குள்ள கல்லு இருந்தாலும் தெரியாது. ஐயா, துணி செக்கர்னு சீட்டுல போட்டிருக்கே. ஈரத் துணியைச் சுருட்டிக் கையில குடுத்து நூலை எண்ணச் சொன்னா எண்ணுவீங்களா?"

"எண்ண மாட்டேன். சரியா விரிச்சுக் கொண்டு வாலேன்னு திருப்பி அனுப்பிருவேன்."

"ஸ்கேன் எடுத்தவுகளும் அதத்தான செஞ்சிருக்காக."

காய்ச்சலோடு முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்த வயிற்றில் அன்று மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையின் சுவர் தடித்திருந்தது. உள்ளே பல கற்கள். ஒன்று பையின் கழுத்தில் அடைத்துக்கொண்டு நின்றது. ரத்தத்தில் வெள்ளையணு கூடியிருந்தது, மஞ்சள் காமாலை இல்லை. மறுநாளே பையை எடுத்துவிடலாம், தள்ளிப்போட்டால் அது அழுகி வயிற்றுக்குள்ளேயே உடையலாம் என்றார் டாக்டர்.

"கல்லு மட்டும் எடுத்தாப் போதாதா? ஆண்டவன் சும்மாவா ஒரு பைய வச்சிருப்பான்?"

"கல்லை மட்டும் எடுத்தா பை மறுபடி கல்லு போடும். பித்தம் ஊறுறது ஈரல்ல. பை வெறும் தொட்டிதான். தொட்டி இல்லாட்டி குழாய் வழியா நேராக் குடலுக்குப் போயிரும். கொஞ்ச நாளைக்கு எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைச்சுக்கிடணும், அம்புட்டுதான்."

"வாழைத்தண்டு?"

"அது கிட்னிக் கல்லுக்குக் குடிக்கிறது. அந்தச் சாறு இந்தப் பை பக்கம் எட்டிக்கூடப் பாக்காது."

சமுத்திரத்தின் சின்ன மாமனை இருளப்பசாமி மனதுக்குள் திட்டிக்கொண்டார். பிறகு, உண்மையில் பயந்த இடத்துக்கு வந்தார். வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்ட கதைகள் அவர் தொழிலில் இருப்பவர்களின் காதுக்கு முதலில் வந்துவிடும்.

"உள்ள எத்தன துணி போவும்?"

"நாலு சின்ன ஓட்டைதான் போடுவோம். துணி அவ்வளவாத் தேவைப்படாது. போறதை எண்ணித்தான் அனுப்புவோம், எண்ணித்தான் எடுப்போம்."

"எண்ணுறது ஒராளா, ரெண்டாளா?"

"ரெண்டு பேர். சேந்து, சத்தமா."

"அது தப்புல்லா? ஒருத்தி சொல்லுதத இன்னொருத்தி கேட்டு அப்படியே சொல்லிருவா. தனித்தனியா எண்ணிப் பொறவு ஒப்பிடணும்."

"அடச் சீ, வாய மூடும்!" என்றாள் சண்முகத்தாய். "நாளைக்கி அந்தப் பை உள்ள உடைஞ்சா அதையும் ஒப்பிட்டுப் பாப்பீரோ? எனக்கு நீரு வேணும், ஒம்ம கணக்கு வேண்டாம்." முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் அவரிடம் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. இருளப்பசாமி சம்மதப் படிவத்தை இரண்டு முறை படித்துக் கையெழுத்திட்டார். தேதியோடு மணியையும் எழுதினார்.

புதன்கிழமை காலை எட்டு நாற்பதுக்குப் பச்சை உடுப்பில் தள்ளுவண்டியில் படுத்திருந்தார். மருந்து ஏறுகிற பாட்டிலின் தேதியைத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டிருந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் அவரைச் சரிபார்த்தபோது உடுப்புக்கு அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"அரணாக்கயிறோட உள்ள விட மாட்டாங்க. கத்தரிச்சிரணும்," என்று சண்முகத்தாயிடம் கத்தரிக்கோலை நீட்டினாள்.

சண்முகத்தாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர்கள் பக்கத்தில் பழைய கயிற்றை அறுப்பதற்கு முன்பே புதியதைக் கட்டிவிடுவார்கள். வெறும் இடுப்போடு ஆம்பிளையைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தும் நாள் ஒன்றே ஒன்றுதான். "நான் மாட்டேன்," என்றாள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இருளப்பசாமி நர்ஸின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினார். அதன் முனையை ஒரு முறை பார்த்தார். பிறகு சண்முகத்தாயின் கையை இழுத்து, விரல்களைப் பிரித்து, கத்தரிக்கோலை உள்ளே வைத்து மூடிவிட்டு, அவளுக்கு எட்டும்படியாக இடுப்பைத் தூக்கிக் கொடுத்தார்.